புதுக்கணக்கா? பழைய பாக்கியா?

'பாகம் 2' படங்கள் மீது பெரம்பலூர், அரியலூர்க்காரர்களின் வழக்கு!

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் புதுப்படப் போஸ்டர் ஒட்டினால், முன்பெல்லாம் கதாநாயகன் யார் என்று பார்ப்பார்கள். இப்போது அதோடு சேர்த்து எண்ணையும் பார்க்கிறார்கள். படத்தின் பெயருக்குப் பின்னால் '2' இருக்கிறதா? '3' இருக்கிறதா?

இருந்தால் உடனே கேள்வி.

"போன படத்தோட கதை தொடருதா? இல்லே, இது வேற கதையா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் இது காசு விஷயம். உடையார்பாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து குடும்பத்தோடு பஸ் ஏறி வருகிறவருக்கு பஸ் சார்ஜ், டிக்கெட், இடைவேளை முறுக்கு, காபி என்று ஒரு நாள் கூலி கரைந்துவிடும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, "இந்த ஆளு யாருங்க? போன படத்துல செத்துப் போனவரா?" என்று மனைவி கேட்க, கணவர் விழிக்க, பின் சீட்டுக்காரர் "கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்று அதட்ட... தேவையா இது?

சினிமாக்காரர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: பழைய கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே பெயரில் முதலிலிருந்து தொடங்குவது. மற்றொன்று: விட்ட இடத்திலிருந்து தொடர்வது. கடைவீதி பாஷையில் சொன்னால், முதலாவது சித்திரை முதல் தேதி போடும் புதுக்கணக்கு. இரண்டாவது, பழைய பாக்கியை முதல் வரியில் எழுதிக்கொண்டு அதே நோட்டில் தொடர்வது.

எது சரி? இதற்குப் பதில் சொல்ல பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகமாகவே உரிமை உண்டு.

இரண்டு முறை பிறந்த மாவட்டம்

ஏன் என்றால், அவர்கள் மாவட்டமே இந்தப் பாடு பட்டிருக்கிறது!

1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் வந்தது. அரியலூர் அதற்குள் இருந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ந் தேதி மறுபடி தனி மாவட்டம். பலகையை எழுதி, அழித்து, மீண்டும் எழுதிய கதை. அந்த நாளில் ஆபீசில் வேலை பார்த்த கிளார்க்குகளைக் கேட்டால் தெரியும். ரப்பர் ஸ்டாம்பு மாறலாம். பழைய பைல் மாறுமா? 2001-ல் போட்ட மனுவை 2002-ல் எந்த ஆபீசில் தேடுவது? புதுசாகத் தொடங்குவது சுலபம். பழைய பைலை யார் பார்ப்பது என்பதில்தான் எல்லாத் தகராறும்.

சினிமாவிலும் அதே தகராறுதான்.

பழுவூர்க்காரர்கள்

அரியலூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கீழப்பழுவூர். அதை அடுத்து மேலப்பழுவூர். சோழர் காலத்தில் பழுவேட்டரையர்கள் ஆண்ட ஊர் இது. முதலாம் பராந்தக சோழனுக்குப் பெண் கொடுத்த குடும்பம். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலில் பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் என்று இரண்டு பேர் வந்து மிரட்டுகிறார்களே, அந்தப் பழுவூர்தான். நந்தினி 'பழுவூர் இளைய ராணி' ஆவதும் இந்த ஊர்ப் பெயரால்தான்.

ஆக, தமிழ் சினிமாவில் மிகப் பெரிய அளவில் பாகம் பிரித்து எடுத்த கதைகளில் ஒன்றில் எதிர்த்தரப்பின் பெரிய புள்ளிகள் அரியலூர் மாவட்டத்துக்காரர்கள்!

1950-ல் 'கல்கி' பத்திரிகையில் தொடர்கதையாக ஆரம்பித்தது. 1954 வரை ஓடியது. ஐந்து பாகம். வாரம் தவறாமல் படித்தவர்கள் ஒரு வாரம் இதழ் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டார்கள். தொடர்ச்சி என்றால் அது தொடர்ச்சி! ஒருவர் முந்நூறு பக்கம் முன்னால் சொன்ன பொய், முந்நூறு பக்கம் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ஆனால் கதை முடிந்தபோது வாசகர்களுக்குத் திருப்தி இல்லை. இன்னார் என்ன ஆனார், இன்னார் கல்யாணம் என்ன ஆனது என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பிற்பாடு என்ன நடந்தது என்று விளக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி அவர் காலமானார். மிச்சக் கதையை அவர் கையால் வாங்க முடியாமல் போயிற்று.

பிறகு நடந்ததைப் பாருங்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அகிலனோ தொடரவில்லை. 'வேங்கையின் மைந்தன்' என்று ராஜேந்திர சோழனை வைத்துத் தனியாகத் தம் வழியில் எழுதினார். வந்தியத்தேவன் அதிலும் வருகிறார். ஆனால் அவர் அகிலனின் வந்தியத்தேவன். 1963-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. ஒருவர் பழைய நோட்டிலேயே எழுதினார். மற்றவர் புது நோட்டு வாங்கினார். இரண்டு பேரையும் வாசகர்கள் படித்தார்கள். யாரும் யாரையும் அடிக்கப் போகவில்லை.

பூக்காரர் ராஜா ஆகவில்லை

படமாக வர எவ்வளவு காலம் ஆயிற்று! 1958-ல் எம்.ஜி.ஆர். எடுப்பதாக இருந்தார். நடக்கவில்லை. 1999-ல் சென்னையில் நாடகமாக மேடை ஏறியது. கடைசியில் மணிரத்னம் இயக்கத்தில் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ந் தேதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ந் தேதியும் வந்தன.

நடுவில் ஏறக்குறைய ஏழு மாதம். முதல் பாகம் முடியும்போது கடலில் புயல். அருள்மொழிவர்மனும் வந்தியத்தேவனும் தண்ணீரில். நாவல் படித்த பெரியவர் கவலைப்படாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். படிக்காத பேரன், "தாத்தா, பொழைச்சுக்குவாங்களா?" என்று வீடு வரை நச்சரித்தான். அரியலூர், ஜெயங்கொண்டம் வீடுகளில் அந்த ஏழு மாதமும் இப்படித்தான் போயிற்று என்று சொன்னால் மிகை இல்லை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்ததே, அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டாம் பாகத்தில்தான் தாத்தாவுக்குக் கோபம் வந்தது.

நாவலில் பெரிய முடிச்சு ஒன்று உண்டு. தஞ்சையில் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகர். கடைசியில் அவர்தான் உத்தம சோழராகப் பட்டம் ஏறுவார். படத்தில் சேந்தன் அமுதன் வருகிறார். ஆனால் ராஜா ஆகவில்லை. மதுராந்தகராக வரும் ரகுமானுக்கே பட்டம். நாவலில் மனதை உருக்கும் மணிமேகலை என்ற பெண்ணோ படத்தில் அடியோடு இல்லை.

"கல்கி எழுதினதை மாத்த இவங்க யாரு?" என்பது ஒரு கட்சி.

"அஞ்சு பாகத்தை ரெண்டு படத்துல அடக்கணும்னா எதையாவது வெட்டத்தான் வேணும்" என்பது எதிர்க்கட்சி.

இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கியே பளிச்சென்று சொல்லாமல் விட்டார். கொள்ளிடத்துக்கு வடக்கே, காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் ரவிதாசன் முதலான சகோதரர்கள் பெயர் இருக்கிறது. கல்வெட்டைக் கல்கி தம் வசதிக்கு வளைத்தார். கல்கியை மணிரத்னம் தம் வசதிக்கு வளைத்தார். பூக்காரருக்குப் பட்டம் போனது நஷ்டம்தான். ஆனால் நாவல் இன்றும் பஸ் நிலையப் புத்தகக் கடையில் தொங்குகிறது. வேண்டியவர்கள் வாங்கிப் படித்துக்கொள்ளலாம். கல்கி எழுத்துக்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் நாளைக்கே இன்னொருவர் சேந்தன் அமுதனுக்கு முடிசூட்டிப் படம் எடுத்தாலும் தடுக்க ஆள் இல்லை.

பில்லா செய்த வேலை

மற்ற படங்களுக்கு வருவோம்.

1978-ல் இந்தியில் அமிதாப் பச்சன் நடித்த 'டான்'. அதைத் தமிழில் 1980-ல் ரஜினிகாந்த் நடித்து 'பில்லா' என்று எடுத்தார்கள். சக்கைபோடு போட்டது. 27 வருஷம் கழித்து, 2007-ல் அஜித் நடித்து மறுபடி 'பில்லா'. ரஜினி படத்தின் தொடர்ச்சி அல்ல. அதே கதை, புது ஆள், புது ஊர், புது கோட்டு. யாராவது "பழைய பில்லா என்ன ஆனார்?" என்று கேட்டார்களா? இல்லை. அதுவும் ஓடியது.

2012-ல் 'பில்லா 2' வந்தது. இங்கேதான் வேடிக்கை. அது 2007 படத்துக்கு முந்திய கதை. பில்லா எப்படி பில்லா ஆனார் என்பது. இந்த ஆள் கடைசியில் எங்கே போய் முடிவான் என்று ஜனங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்த முடிவை நோக்கிப் படம் முழுக்க நடப்பது சுலபமா? முந்தைய படத்தின் வெற்றி அதற்குக் கிடைக்கவில்லை.

பேய்ப் படங்கள் வேறு ரகம். சுந்தர்.சி. எடுத்த 'அரண்மனை' 2014, 2016, 2021, 2024 என்று நான்கு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வீடு, வேறு பேய், வேறு பகை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ராகவா லாரன்சின் 'முனி' 2007-ல் ஆரம்பித்து 'காஞ்சனா', 'காஞ்சனா 2', 'காஞ்சனா 3' என்று 2019 வரை வந்தது. பேய்க்குப் பயந்து நடுங்குகிற வாலிபன் ஒருவன் இருப்பான். அவன் உடம்பில் பேய் ஏறும். மற்றதெல்லாம் புதுசு. இதில் யாரும் தொடர்ச்சி தேடவில்லை. ஜனங்களுக்கு எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சாம்பார் சாதம் என்று போர்டு போட்டால் நேற்றைய சாம்பாரா என்றுதான் கேட்பார்கள். நேற்றைய கதை என்ன என்று யார் கேட்கப் போகிறார்கள்?

போலீஸ் படம் என்றால் தொடர்ச்சிதான் பொருத்தம். ஹரி இயக்கத்தில் சூர்யா நடித்த 'சிங்கம்' 2010, 2013, 2017 என்று மூன்று முறை வந்தது. அதே துரைசிங்கம். அதே மீசை. பதவி, ஊர், எதிரி எல்லாம் ஏறிக்கொண்டே போயின. கிராமத்து ஸ்டேஷனில் ஆரம்பித்தவர் கடைசியில் வெளிநாடு வரை போய் ஆளைத் தூக்கினார். ஸ்டேஷனில் இருந்தபோது இருந்த ருசி வெளிநாட்டில் இல்லை என்பது பலர் கருத்து. அது கதைக் கணக்கு செய்த தப்பு அல்ல. சத்தம் கூடினால் ஆள் சின்னதாகிவிடுவார்.

தாத்தாவின் வாக்கு

'இந்தியன்' விஷயம்தான் மனசில் நிற்கிறது.

1996-ல் கமல்ஹாசன் சேனாபதியாக வந்தார். லஞ்சம் வாங்கினவர்களைக் குத்தினார். சொந்த மகனையே விடவில்லை. கடைசியில் தப்பித்து வெளிநாடு போய், தேவைப்பட்டால் திரும்பி வருவேன் என்று போன் செய்தார். லஞ்சம் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள் அந்தப் போன்காலை மறக்கவில்லை. ஆபீசில் ஒரு சர்டிபிகேட்டுக்கு நாலு நடை நடந்து திரும்பும்போதெல்லாம், "தாத்தா வரணும்யா" என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆக, பாக்கி இருந்தது. கதாசிரியர் எழுதிக் கொடுத்த பாக்கி.

28 வருஷம் கழித்து, 2024 ஜூலை 12-ந் தேதி தாத்தா வந்தார். 1996-லேயே சுதந்திரப் போராட்டத் தியாகி. இப்போது வயசு என்ன இருக்கும் என்று ஜனங்கள் விரல் விட்டு எண்ணினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். எம்.ஜி.ஆர். ஒருத்தரே நூறு பேரை அடித்ததை நம்பியவர்கள்தானே! பொறுக்க முடியாதது வேறு. தன் கையால் மகனைக் கொன்றவர் இத்தனை வருஷம் எப்படித் தூங்கினார்? முதல் படத்தில் ஜனங்களை அழ வைத்தது அதுதான். அந்த வீட்டுக் கணக்கு இரண்டாம் பாகத்தில் பெரிதாகத் திறக்கப்படவே இல்லை. படம் முடிகிற நேரத்தில் மூன்றாம் பாகத்துக்கு முன்னோட்டம் காட்டி அனுப்பினார்கள். கடன் கேட்டு வந்தவனிடம் இன்னொரு பிராமிசரி நோட்டு நீட்டின மாதிரி ஆயிற்று.

இதற்கு நேர் எதிர் 'விக்ரம்'. 1986-ல் சுஜாதா கதையில் கமல் நடித்த படம். ஏஜெண்ட் விக்ரம். 2022-ல் லோகேஷ் கனகராஜ் அதே ஏஜெண்டை வயசான ஆளாகக் கொண்டு வந்தார். பழைய படத்தைப் பார்க்காத பையனுக்கும் கதை புரிந்தது. பார்த்தவருக்கு ஒரு கூடுதல் சிரிப்பு கிடைத்தது. அதோடு 2019-ல் வந்த 'கைதி' ஆட்கள் சிலரும் இதில் தலைகாட்டினார்கள். கைதி கதை திருச்சி போலீஸ் கமிஷனர் ஆபீசைச் சுற்றி ஒரே ராத்திரியில் நடப்பது. பெரம்பலூர்க்காரர்களுக்கு அடுத்த ஊர்க் கதை. "அட, நம்ம திருச்சி இன்ஸ்பெக்டர் மெட்ராசுக்கு வந்துட்டாரு" என்று தியேட்டரில் விசில் பறந்தது.

செத்துப் போன ஜேம்ஸ் பாண்ட்

வெளிநாட்டில் இது பெரிய வியாபாரம்.

ஜேம்ஸ் பாண்ட் 1962-லிருந்து வருகிறார். ஆறு பேர் மாறி மாறி நடித்தார்கள். நாற்பது வருஷம் ஆள் மாறினாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 2006-ல் 'கேசினோ ராயல்' படத்தில் பாண்ட் அப்போதுதான் வேலைக்குச் சேர்வதாகக் காட்டிப் புதுக்கணக்கு போட்டார்கள். 2021-ல் அந்தக் கணக்கை முடிக்க பாண்டையே சாகடித்தார்கள். ஆள் செத்த அதே படத்தின் கடைசியில், "ஜேம்ஸ் பாண்ட் மீண்டும் வருவார்" என்று எழுத்து போட்டார்கள்! காடாற்று முடிவதற்குள் கல்யாணப் பத்திரிகை அடித்த மாதிரி.

'ஸ்பைடர்மேன்' 2002-ல் ஒரு பையன், 2012-ல் வேறு பையன், 2017-ல் இன்னொரு பையன். பாவம், அந்தச் சித்தப்பா 2002-லும் சுடப்பட்டுச் செத்தார். 2012-லும் சுடப்பட்டுச் செத்தார். இத்தனை அவசரம் எதற்கு? குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போய்விடும் என்பது கம்பெனி ஒப்பந்தம். குத்தகை நிலத்தைத் தரிசு போட்டால் நிலக்காரர் வாங்கிக்கொள்வார் என்று வருஷம் தவறாமல் சோளம் விதைக்கிற மாதிரிதான். 2021-ல் மூன்று பையன்களையும் ஒரே படத்தில் சேர்த்து நிறுத்தினார்கள். கூட்டம் அலைமோதியது.

'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். படங்களைத் தொடர்ந்து எத்தனையோ நாவல்கள் வந்தன. காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். 2012-ல் டிஸ்னி கம்பெனி மொத்தத்தையும் வாங்கியது. 2014-ல், இனி அந்த நாவல்கள் எல்லாம் கணக்கில் சேராது, வெறும் பழங்கதை என்று அறிவித்துவிட்டார்கள். பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்ற இரவு பெரம்பலூர் கடைவீதி இருந்த மாதிரி இருந்திருக்கும் அவர்களுக்கு!

கண்ணகிக்கு எண் இல்லை

அந்தக் காலத்தில் தமிழ் சினிமாவில் இந்தத் தொல்லை கிடையாது. 1942-ல் 'கண்ணகி'. 1964-ல் 'பூம்புகார்'. இரண்டும் ஒரே கதை. கோவலன் இரண்டிலும் வெட்டுப்பட்டார். மதுரை இரண்டிலும் எரிந்தது. 'நந்தனார்' கதை 1935-லும் வந்தது, 1942-லும் வந்தது. 'ஸ்ரீவள்ளி' 1945-லும் வந்தது, 1961-லும் வந்தது. '2' என்று யாரும் போடவில்லை.

தொடர்ச்சி எடுக்கவும் தேவை இருக்கவில்லை. காரணம், பழைய படமே திரும்பத் திரும்ப வரும். பெரிய ஊரில் ஓடி முடித்த பிரிண்ட் சின்ன ஊருக்கு வரும். பிறகு டூரிங் டாக்கீசுக்கு வரும். மழைக் கோடு விழுந்து, பாட்டு நடுவில் அறுந்து, ஒட்டி, மறுபடி வரும். திருவிழாவுக்கு வரும். ரிலீசுக்கு மறு ரிலீஸ், அதற்கும் மறு ரிலீஸ். பார்த்த கதையை இன்னொரு தடவை பார்ப்பதுதான் அப்போது இரண்டாம் பாகம்.

இப்போது எல்லா ஊரிலும் ஒரே நாளில் படம். இரண்டு வாரத்தில் எடுத்துவிடுகிறார்கள். பிறகு செல்போனில் வந்துவிடுகிறது. ஜனங்களைத் தியேட்டருக்கு இழுக்க எண் தேவைப்படுகிறது. பழைய பெயர் என்றால் பாதி விளம்பரம் மிச்சம். ஆனால் 2024 ஏப்ரலில் என்ன நடந்தது? 2004-ல் வந்த விஜய்யின் 'கில்லி'யை அப்படியே மறுபடி போட்டார்கள். தியேட்டரில் ஆட்டம், பாட்டம், பட்டாசு. 'கில்லி 2' வரவில்லை. கில்லியே வந்தது. அது போதுமாக இருந்தது.

கர்ணன் வியாழக்கிழமை செத்தால்...

தீர்ப்பு திரௌபதி அம்மன் கோயில் திடலில் எப்போதோ சொல்லியாகிவிட்டது.

திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரிக்கு ஒரு கதை. துகில் உரிதல் ஒரு நாள், தூது ஒரு நாள், கர்ண மோட்சம் ஒரு நாள், பதினெட்டாம் போர் ஒரு நாள், பிறகு படுகளம், தீமிதி. நாளுக்கு நாள் தொடர்ச்சி. வியாழக்கிழமை ராத்திரி கர்ணன் செத்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் வரக்கூடாது. வந்தால் திடலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி விடமாட்டாள். "நேத்துதானேடா செத்தே?" என்று எழுந்து கேட்டுவிடுவாள்.

ஆனால் அடுத்த வருஷம்? கர்ணன் மறுபடி உயிரோடு வருவான். மறுபடி கவச குண்டலம் போகும். மறுபடி தேர்ச் சக்கரம் புதையும். அதே பாட்டி மறுபடி அழுவாள். கட்டியங்காரன் போன வருஷம் இல்லாத புது ஜோக் ஒன்று சொல்வான். கலெக்டர் ஆபீசைக்கூட கிண்டல் அடிப்பான். ஒருவரும் ஆட்சேபிப்பதில்லை.

ஒரே திருவிழாவுக்குள் கணக்கு தப்பக்கூடாது. அடுத்த திருவிழாவுக்குப் புதுக்கணக்கு. இரண்டையும் கலக்கக்கூடாது. சினிமாக்காரர்கள் செய்கிற வம்பு என்னவென்றால், இரண்டும் வேண்டும் என்பார்கள். பழைய ஆள் மேல் ஜனங்களுக்கு இருக்கும் பாசமும் வேண்டும். பழைய கதையில் இடைஞ்சலான சங்கதி மட்டும் வேண்டாம். பாக்கியை அடித்துவிட்டு வரவை மட்டும் முன்பக்கத்தில் எழுதுவது போல. பெரம்பலூரில் எந்தக் கடைக்காரர் இதை ஒப்புக்கொள்வார்?

மகன் கட்டிய கோயில்

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அப்பா ராஜராஜன் தஞ்சையில் பெரிய கோயில் கட்டினார். மகன் ராஜேந்திரன் 1025 வாக்கில் தலைநகரையே இங்கே மாற்றிப் புதுக் கோயில் கட்டினார். அதே பெயர்: பிரகதீஸ்வரர். அதே அமைப்பு. தஞ்சை விமானம் 216 அடி என்பார்கள். இது சுமார் 180 அடி. அது நிமிர்ந்து ஏறும். இது வளைந்து ஏறும். அப்பா கதையைத்தான் மகன் மறுபடி சொன்னார், தன் கைவண்ணத்தில். ஆனால் தஞ்சைக் கோயிலிலிருந்து ஒரு கல்லைக்கூடப் பெயர்த்து வந்து இதைக் கட்டவில்லை. இரண்டும் நிற்கின்றன. இரண்டுக்கும் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மரியாதை உண்டு. தஞ்சைக்கு முதலில், இதற்கு 2004-ல்.

800 வருஷம் கழித்து வேறு மாதிரி நடந்தது. 1836-ல் கொள்ளிடத்தில் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் சுற்றுமதில் கருங்கல்லை உடைத்துக் கொண்டுபோனார்கள். அணை தேவைதான். இன்றும் அதனால் வயல் விளைகிறது. ஆனால் மதில் போனது போனதுதான். மாளிகைமேட்டில் ராஜேந்திரன் அரண்மனை இருந்த இடத்தில் இப்போது செங்கல் அடித்தளத்தைத்தான் தோண்டி எடுத்துப் பார்க்கிறார்கள்.

தமிழ் சினிமாவும் மதில் கல்லை நிறைய இழந்திருக்கிறது. தமிழின் முதல் பேசும் படம் என்ற 1931-ம் ஆண்டு 'காளிதாஸ்' பிரிண்ட் இன்று கிடையாது. அதற்கு முந்திய ஊமைப்படம் 'கீசகவதம்' கிடையாது. புதுசு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய பிரிண்டைப் பத்திரமாக வைத்துவிட்டு எடுக்கட்டும். ரஜினி பில்லா பெட்டியில் இருக்கிறவரை அஜித் பில்லாவால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

தொடர்ச்சி எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் காலத்துப் பத்திரிகைத் தொடர்கதையில், ஒவ்வொரு வாரமும் மேலே கட்டம் கட்டி 'முன்கதைச் சுருக்கம்' போடுவார்கள். பத்து வரிதான். நடுவில் படிக்க ஆரம்பித்த கல்லூரிப் பையனும், இரண்டு வாரம் விட்டுப்போன வீட்டுப் பெண்களும் அதைப் படித்துவிட்டு உள்ளே போவார்கள். முதல் பாகத்தைப் பொங்கலன்று டி.வி.யில் பாதி பார்த்து, பாதியில் கரண்ட் போய், மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான் இரண்டாம் பாகத்துக்கு வருகிறவர்களில் நிறையப் பேர். அவர்களுக்காகப் படம் தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் முன்கதையை ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? உடையார்பாளையத்துக் குடும்பம் நிம்மதியாகப் படம் பார்க்கும். பின் சீட்டுக்காரரும் முறுக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார்.